இடைவேளை இல்லாத படம்

நாவல்குளக் காட்டில் வெட்டுவாலன் என்று ஒரு கரிச்சான் குருவி இருந்தான். உடம்பு மைக்கறுப்பு. வால் கத்தரித்து விட்டதுபோல் நுனியில் இரண்டாய்ப் பிரிந்திருக்கும். காட்டிலுள்ள எல்லாருடைய குரலும் அவனிடம் இருந்தது. அவனுடைய குரல் மட்டும் இல்லை!

பருந்துபோல் "கீஈஈர்!" என்று ஒரு சத்தம் விடுவான். மைனாக்கள் வாயிலிருந்த புழுவைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாயும். வெட்டுவாலன் இறங்கிவந்து புழுவை விழுங்குவான். அப்புறம் மைனா அம்மாவின் குரலில், "ஏண்டி, பருந்து போயிட்டுதா?" என்று அவனே கேட்பான். மைனா மகளின் குரலில், "போயிடுச்சும்மா, நம்ம புழுவும் கூடவே போயிடுச்சு!" என்று அவனே பதிலும் சொல்வான்.

காடு அவனைத் திட்டியது. திட்டியவர் குரலிலேயே அவன் திருப்பித் திட்டினான்.

ஆனாலும் அவனுக்கு ரொம்பப் பிடித்த குரல்கள் மூன்று. மூன்றும் விமர்சகர் சங்கத்தின் குரல்கள்.

குளத்தின் கிழக்குக் கரையில் வெள்ளைப்பாறை என்று ஒரு பாறை உண்டு. ஒரு யானை படுத்த அகலம். சுண்ணாம்பு அடித்த வெளுப்பு. மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். வெயிலுக்கும் பாறைக்கும் நடுவே நின்று கலைக்குழுக்கள் ஆடும், பாறையில் நிழல் ஆடும். அதுதான் காட்டின் நிழல்படம். பாதிப் படத்தில் தவளை மாமா தொண்டையை உப்பவைத்து, "இடைவேளைஏஏஏ!" என்று கத்துவார். கூட்டம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும். விமர்சகர்கள் மட்டும் புதருக்குப் பின்னால் போவார்கள். அங்கே படக்குழு அவர்களுக்கு விருந்து வைத்திருக்க வேண்டும். அது வழக்கம்.

போனவர்கள் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. அதுவும் வழக்கம்.

சங்கத்தின் முழுப்பெயர் நாவல்குள வட்டார நிழல்பட விமர்சகர் சங்கம். மொத்தம் மூன்று பேர். தலைவர், துணைத்தலைவர், செயலாளர். வெறும் உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது!

தலைவர் நெடுங்கழுத்தார் ஒரு நாரை. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "அன்பர்களே, கலை என்பது யாது?" என்று தொடங்குவார். யாது என்று கடைசிவரை சொல்லமாட்டார். துணைத்தலைவர் உறுமலார் ஒரு காட்டுப்பன்றி. அவருக்குத் தெரிந்த விமர்சனம் ஒரே சொல்தான்: "இழுவை!" செயலாளர் ஓணான். தலைவர் பேசினால் தலையாட்டுவார், துணைத்தலைவர் பேசினாலும் தலையாட்டுவார், காற்றடித்தாலும் ஆட்டுவார்.

சங்கத்தின் தீர்ப்பைக் குளத்துக்குப் போகும் வழியிலுள்ள ஆனைக்கற்றாழை மடலில் ஓணான் நகத்தால் கீறிவைப்பார். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். அந்த வருடம் அதுவரை எட்டுப் படங்கள் வந்திருந்தன. எட்டு மடல்களிலும் ஒரே வாசகம்.

"முதல் பாதி பரவாயில்லை. இரண்டாம் பாதி இழுவை."

ஒன்பதாவது படம் செதிலியுடையது.

செதிலி ஓர் அழுங்கு. முதுகெல்லாம் ஓடு ஓடாகச் செதில். யாராவது குரலை உயர்த்தினால் போதும், தலையையும் வாலையும் உள்ளே இழுத்துப் பலாப்பழம்போல் உருண்டுகொள்வாள். அழுங்குக்கு உணவு எறும்பு. செதிலியின் கதாநாயகனோ கடுகு என்ற கட்டெறும்பு!

"எப்படிடா தைரியமா நடிக்கிறே?" என்று வெட்டுவாலன் ஒருநாள் கேட்டான்.

"ஒப்பந்தம் இருக்கு," என்றான் கடுகு. "நிழல்படம் எடுக்கிறவரைக்கும் அக்கா எறும்பு தின்னாது. கறையான் மட்டும்தான்."

"எடுக்கிறதை நிறுத்திட்டா?"

"வாயைக் கழுவுடா!"

படத்தின் பெயர் 'இலைமேல் ஓர் எறும்பு'. தேக்கிலையில் ஒரு துளை. துளையில் தெளிந்த மரப்பிசின் உருண்டை. அதற்கு முன்னால், பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரில், ஒரு சின்ன இலை மிதக்கும். இலைமேல் கடுகு. வெயில் பிசினுக்குள் புகுந்து வெளியே வரும்போது கடுகின் நிழல் பாறையில் காட்டெருமை அளவுக்கு எழும்பி நிற்கும்!

படம் தொடங்கும் முன் செதிலி தவளை மாமாவிடம் போனாள்.

"மாமா, என் படத்துக்கு இடைவேளை வேண்டாம்."

மாமாவின் தொண்டை பாதி உப்பி நின்றது. "என்னம்மா சொல்றே! இடைவேளை இல்லாம ஒரு படமா?"

"கடைசிக் கதிர் அணையுற அந்த நிமிஷத்துல என் படம் முடியணும். நடுவுல நிறுத்தினா சூரியன் நமக்காக நிற்குமா மாமா?"

மாமா மேற்கே பார்த்தார். யோசித்தார். "நிற்காது," என்றார். "சரி, இன்னிக்கு எனக்கு விடுமுறை! ஆமா, விமர்சகர்களுக்கு விருந்து?"

"புதருக்குப் பின்னாடி வச்சிருக்கேன் மாமா. படம் முடிஞ்சதும் சாப்பிடட்டும்."

நாவல் கிளையில் உட்கார்ந்திருந்த வெட்டுவாலன் இதையெல்லாம் கேட்டான். அவனுக்கு வால் துடித்தது. இடைவேளையே இல்லாத ஒரு படம். இடைவேளைக்காகவே வரும் மூன்று பேர். கையில் ஒரு தொண்டை. சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

படம் தொடங்கியது. எறும்பு வீட்டுக்குப் போகிறது. காற்று வருகிறது. எறும்பு நின்ற இலை தண்ணீரில் விழுகிறது. கரை விலகுகிறது. எறும்பு இலையின் விளிம்புக்கு ஓடுகிறது, திரும்புகிறது, மறுபடி ஓடுகிறது. கூட்டத்தில் யாரும் இருமவில்லை. உறுமலார் மட்டும் மூக்கை நீட்டிப் புதர்ப் பக்கம் முகர்ந்துகொண்டிருந்தார்.

செதிலி வால்நுனியால் தண்ணீரைக் கலக்க, இலை ஒரு சுழியில் மாட்டிக்கொண்டது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

வெட்டுவாலன் மூச்சை இழுத்தான். தொண்டையை உப்பவைத்தான்.

"இடைவேளைஏஏஏ!"

தவளை மாமாவே ஒரு கணம் தன் வாயைத் தடவிப் பார்த்தார். "நான் இல்லீங்க! நான் கத்தலே! எல்லாரும் உட்காருங்க!"

எழுந்த கூட்டம் உட்கார்ந்தது. மூன்று பேர் மட்டும் உட்காரவில்லை. கயிறு கட்டி இழுத்தாற்போல் நாரை, பன்றி, ஓணான் என்ற வரிசையில் புதருக்குப் பின்னால் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சப்புக்கொட்டும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

வெட்டுவாலன் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து இரண்டு நாவல்பழம் உதிர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். தொங்கியபடியே பாறையைப் பார்த்தான்.

சுழியிலிருந்து இலை மெல்ல விடுபட்டது.

அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. வெயில் சாயச் சாய நிழல் நீண்டது. எறும்பு வளர்ந்தது, இலை ஒரு காடாக விரிந்தது. பாறை முழுக்கத் தண்ணீரின் ஒளி நெளிந்தது. கடைசிக் கதிர் அணைந்தது. அணையும் முன் பாறையில் ஒன்று நடந்தது. அதைப் பார்த்த கூட்டம் எழுந்துபோக மறந்து உட்கார்ந்தே இருந்தது.

வெட்டுவாலன் கைதட்டல்போல ஏதாவது ஒரு குரல் கொடுக்க நினைத்தான். "க்ரிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அது யாருடைய குரல் என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கற்றாழைக்குப் பறந்தான். ஒன்பதாவது மடலில் கீறல் ஈரமாக இருந்தது.

"இலைமேல் ஓர் எறும்பு. முதல் பாதி பரவாயில்லை. இரண்டாம் பாதி இழுவை. இடைவேளைக்குப் பின் வரும் சண்டைக்காட்சியை வெட்டியிருக்கலாம்."

"சண்டைக்காட்சியா!" வெட்டுவாலன் புரண்டு புரண்டு சிரித்தான். நாரையின் குரலில் ஒருமுறை படித்தான். பன்றியின் குரலில் ஒருமுறை உறுமினான். அப்போது மடலின் முள்நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. கடுகு.

"சிரி, சிரி," என்றான் கடுகு. "நேத்து கத்தினது நீதானே?"

"பின்னே! மூணு பேரும் ஓடின ஓட்டத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அக்காவும் பார்த்துச்சு. காலையில இதையும் படிச்சுது. படிச்ச இடத்துலேயே உருண்டுக்கிச்சு. இன்னும் திறக்கலே."

"ஒரு விமர்சனத்துக்கா?"

"உனக்கு ஒண்ணுமே தெரியாதா? போன வருஷம் இதே வாசகம். அதுக்கு முந்தின வருஷமும் இதே வாசகம். மூணு வருஷம் தொடர்ந்து விருதுப் பட்டியல்ல வராத குழு வெள்ளைப்பாறையை விட்டுப் போயிடணும். சங்கத்து விதி. நாளைக்குப் பட்டியல் படிக்கிறாங்க. மத்த எட்டுக்கும் இல்லாத குறை வேற இந்த மடல்ல கீறியிருக்காங்க, அதனால பட்டியல்ல அக்கா பேரு இருக்காது. இனிமே அக்காவுக்குப் படமும் கிடையாது." கடுகு உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டான். "படம் இல்லைன்னா ஒப்பந்தமும் இல்லை. அதை நான் அக்காகிட்டச் சொல்லலே. சொல்ற நேரமா இது?"

வெட்டுவாலனின் வால் தாழ்ந்தது. ஒன்பதாவது மடலை இன்னொரு தரம் படித்தான். இந்தத் தரம் எந்தக் குரலும் வரவில்லை.

"வா!" என்றான் திடீரென்று. "நான் போட்ட முடிச்சை நானே அவிழ்க்கிறேன்!"

ஆலமர வேருக்கு அடியில் செதிலி உருண்டையாகக் கிடந்தாள். வெட்டுவாலன் வேர்மேல் ஒற்றைக்காலில் நின்றான். கழுத்தை நீட்டினான்.

"அன்பர்களே! கலை என்பது யாது? செதிலியின் படமே கலை! இவ்வாண்டின் சிறந்த படம், இலைமேல் ஓர் எறும்பு!"

அச்சு அசல் நெடுங்கழுத்தார்! கடுகே திடுக்கிட்டுத் தலைவணங்கிவிட்டான்.

"எப்படி? நாளைக்கு இதே மாதிரி மரத்துக்குப் பின்னாலிருந்து சொல்லிடறேன். பட்டியலைத் தலைவர் வாய்திறந்து படிக்கும்முன்னாடி நான் படிச்சிடுவேன். அக்கா பேரு முதல்ல!"

உருண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"நீ கடைசிவரைக்கும் பார்த்தியா?"

"எதை?"

"படத்தை."

"பார்த்தேனே! தலைகீழாத் தொங்கிக்கிட்டே பார்த்தேன்!"

"நல்லா இருந்துச்சா?"

வெட்டுவாலன் வாயைத் திறந்தான். முதலில் நாரையின் குரல் வந்தது. மூடினான். அப்புறம் மைனாவின் குரல் வந்தது. அதையும் மூடினான்.

"பார்த்தியா," என்றது உருண்டை. "படத்தைப் பார்க்காதவரோட குரல்ல புகழ்ச்சி வந்தா அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பார்த்த நீ ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறே. போ. எனக்குப் பொய் விருது வேண்டாம்."

செதில்கள் இன்னும் இறுகின.

விருது விழா மறுநாள் காலை வெள்ளைப்பாறை அடியில் நடந்தது. காடே வந்திருந்தது. செதிலி வரவில்லை. கடுகு அவளுக்குப் பதிலாக ஒரு கூழாங்கல்மேல் நின்றிருந்தான்.

நெடுங்கழுத்தார் ஒற்றைக்காலில் எழுந்தருளினார். "அன்பர்களே, கலை என்பது யாது?" கூட்டத்தில் பாதி கொட்டாவி விட்டது. "ஒன்பது படங்களையும் எமது சங்கம் ஊன்றிப் பார்த்து, ஆராய்ந்து, அளந்து..."

"அளந்து!" என்று தலையாட்டினார் ஓணான்.

"...ஐந்து படங்கள் கொண்ட பட்டியலைத் தேர்ந்துள்ளது. வழக்கப்படி முதலில் கேட்கிறேன். ஆட்சேபம் உண்டா?"

வழக்கப்படி யாரும் பேசவில்லை. மூன்று முறை கேட்கவேண்டும் என்பது விதி. பதில் வந்ததாக வரலாறு இல்லை.

"ஆட்சேபம் உண்டா?"

நாவல் கிளையில் வெட்டுவாலன் நெளிந்தான். பருந்துக் குரல் தொண்டை நுனியில் நின்றது. ஒரு 'கீஈஈர்' போதும், விழா கலைந்து ஓடும்! கலைந்தால்? நாளைக்கு மறுபடி கூடும். பட்டியல் அதே பட்டியல்தான்.

"மூன்றாம் முறையும் கேட்கிறேன். ஆட்சேபம்..."

"உண்டு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூங்கிலோடு மூங்கில் உரசினாற்போல் கரகரப்பாக, நடுவில் உடைந்த ஒரு குரல்.

"யாருப்பா அது? புதுசா இருக்கே?" என்றார் தவளை மாமா.

"நான்தான் மாமா. வெட்டுவாலன்."

"டேய், இது யாரோட குரல்?"

"என்னோடதுதான்னு நினைக்கிறேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெட்டுவாலனுக்கு முதன்முறையாக வெட்கம் வந்தது. அதுவரை யாரோ ஒருவர் குரலைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். இன்று அவன் குரலைக் கேட்டே சிரிக்கிறார்கள்! ஆனாலும் அவன் இறங்கிவந்து பாறை நுனியில் உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு கேள்வி கேட்கணும், தலைவரே. 'இலைமேல் ஓர் எறும்பு' படத்தின் இரண்டாம் பாதி இழுவைன்னு கீறியிருக்கீங்க. அந்த இரண்டாம் பாதியில என்னதான் நடந்தது?"

மூன்று பேரும் புதர்ப் பக்கம் பார்த்தார்கள்.

"சண்டை!" என்று உறுமினார் உறுமலார். "எறும்புக்கும் நண்டுக்கும். ரொம்ப நேரம். இழுவை!"

"சண்டையா?" நெடுங்கழுத்தார் கழுத்தைச் சாய்த்தார். "யான் கண்டது உருக்கமான மரணக்காட்சி அன்றோ? தாயின் மடியில் எறும்பு உயிர்விடுகிறது."

கூழாங்கல்லிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "நான் செத்துட்டேனா?" கடுகு தன்னைத்தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எங்கம்மாவும் இந்தப் படத்துல நடிச்சாங்களா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

எல்லார் கண்களும் ஓணான்மேல் போயின. ஓணான் தலைவரைப் பார்த்தார், துணைத்தலைவரைப் பார்த்தார். "தலைவர் சொன்ன மரணம்," என்றார், "துணைத்தலைவர் சொன்ன சண்டையிலதான் நடந்துச்சு!"

குளத்து மீன்கள்கூடத் துள்ளிச் சிரித்தன! தவளை மாமா முன்னால் குதித்தார். "ஐயா பெரியோரே! அந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது! அப்புறம் ஏது இரண்டாம் பாதி?"

"கிடையாதா? நீரே அல்லவா கத்தினீர்!"

"நான் கத்தலே!"

"நான் கத்தினேன்," என்றான் வெட்டுவாலன்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"விளையாட்டாத்தான் கத்தினேன். இவங்க ஓடறதைப் பார்த்துச் சிரிக்கணும்னு கத்தினேன். சிரிச்சேன். ஆனா நான் கத்தாம இருந்தா இவங்க ஒருவேளை உட்கார்ந்திருப்பாங்க. அந்தப் படத்தை முழுசாப் பார்த்திருப்பாங்க. கெடுத்ததுல எனக்கும் பங்கு இருக்கு. செதிலி அக்கா நேத்து காலையிலேருந்து உருண்டு கிடக்குது. என்னை என்ன வேணா செய்யுங்க. அந்தப் படத்தை மட்டும் பார்க்காம தள்ளிடாதீங்க."

உறுமலார் மண்ணைக் கிளறிக்கொண்டு பாய்ந்தார். "குருவிப் பயலே! உன்னை..."

"நில்லும்!" என்றார் நெடுங்கழுத்தார்.

தலைவர் தூக்கிவைத்திருந்த காலைக் கீழே இறக்கினார். இரண்டு காலில் அவர் நின்றதைக் காடு பார்த்ததே இல்லை. அப்படி நின்றபோது கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார்.

"உறுமலாரே, அவனைத் துரத்தி என்ன ஆகப்போகிறது? ஒரு குரல் 'இடைவேளை' என்றது. யாருடைய குரல் என்று பார்க்காமல் எழுந்தவை நம் கால்கள்தானே." குரல் தணிந்தது. செந்தமிழும் உதிர்ந்துபோனது. "பத்து வருஷமா நான் எந்தப் படத்தோட முடிவையும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் நானே ஒரு முடிவைக் கற்பனை பண்ணிக்குவேன். என் கற்பனைதான் எப்பவும் இழுவையா இருந்திருக்கு போல."

கழுத்தை நீட்டிக் கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, இலை சுழியில மாட்டினவரைக்கும் பார்த்தேன். அப்புறம்... நீ கரை சேர்ந்தியா?"

"சேர்ந்..." என்று தொடங்கியது ஒரு மைனா.

"சொல்லாதீங்க!" கடுகு கத்தினான். "யாரும் சொல்லக்கூடாது! தெரியணும்னா வந்து பாருங்க!"

தலைவர் சிரித்துவிட்டார். பட்டியல் கீறிய மடலை வாங்கினார், கிழித்தார், குளத்தில் போட்டார். "இன்னிக்குச் சாயங்காலம் படம் மறுபடி ஓடட்டும். நாளையிலிருந்து மத்த எட்டும். ஒன்பதையும் முழுசாப் பார்த்தபிறகுதான் பட்டியல். செயலாளரே, உமக்குச் சம்மதமா?"

ஓணான் தலையாட்டினார். யோசித்தார். இந்தத் தடவை வேண்டுமென்றே இன்னொரு தரம் ஆட்டினார்.

வெட்டுவாலன் ஆலமரத்துக்குப் பறந்தான். உருண்டைக்குப் பக்கத்தில், வேர்மேல் இல்லாமல், மண்ணில் உட்கார்ந்தான்.

"அக்கா," என்றான் உடைந்த குரலில்.

"யாரு?"

"நான்தான். நேத்து கேட்டியே. நல்லா இருந்துச்சா. இலை சுழியில சுத்தினப்போ நான் இடைவேளைன்னு கத்தினேன். அது எனக்கு அவ்வளவு சிரிப்பான இடமா இருந்துச்சு. ஆனா கடைசியில கதிர் அணைஞ்சப்போ... இலை அந்த... நான் சிரிக்க மறந்துட்டேன் அக்கா. என்ன குரல்ல பேசறதுன்னு தெரியலே. தொண்டையில எதுவுமே இல்லை. நல்லா இருந்துச்சு. இதுக்கு மேல சொல்லத் தெரியலே."

ஒரு செதில் உயர்ந்தது. பிறகு இன்னொன்று. நீள மூக்கு வெளியே வந்தது.

"உன் குரல் ரொம்ப மோசமா இருக்கு," என்றாள் செதிலி.

"தெரியும்!"

"அதை வச்சுக்கோ. மத்ததை விட நல்லா இருக்கு."

"சாயங்காலம் படம் இருக்கு அக்கா! சங்கம் மொத்தமும் வருது! கடுகு இலையைத் துடைச்சுக்கிட்டு நிற்கிறான்!"

செதிலி எழுந்தாள். ஓடுகளிலிருந்து மண் உதிர உதிர ஓடினாள்.

அன்று மாலை சூரியன் தாமதிக்கவில்லை. படம் தொடங்கியது. முன்வரிசையில் சங்கம். புதருக்குப் பின்னால் விருந்து இல்லை. செதிலி வைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் இலை சுழியில் மாட்டியபோது பழக்கதோஷத்தில் உறுமலாரின் பின்பக்கம் தானாகத் தரையைவிட்டு எழுந்தது. வெட்டுவாலன் அலகை இறுக மூடிக்கொண்டான். அந்த மாலை முழுக்க அவனுக்கு அதுதான் பெரிய வேலை. உறுமலார் அக்கம்பக்கம் பார்த்தார். பன்றியின் பின்பக்கம் மெல்ல உட்கார்ந்தது.

கடைசிக் கதிர் அணைந்தது.

நெடுங்கழுத்தார் இருண்ட பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கலை என்பது யாது என்றுகூடக் கேட்கவில்லை.

உறுமலார்தான் முதலில் செதிலியிடம் வந்தார். செதிலி பாதி உருண்டுகொண்டாள். உறுமலார் கனைத்தார்.

"இழுவை," என்றார்.

கடுகு இலைக்கடியில் நுழைந்துகொண்டான்.

"முழுசா இல்லை. சுழியில இலை சுத்துது பார், அந்த ஒரே இடம். ஏழு சுத்து சுத்துது. நான் எண்ணினேன். அஞ்சு போதும். ஆறாவது சுத்துல எனக்கு எறும்பு மறந்துபோய் சாப்பாடு ஞாபகம் வந்துடுச்சு."

செதிலி முழுசாக விரிந்தாள். கண் மின்னியது. "எண்ணினீங்களா? ஏழையும் எண்ணினீங்களா?"

"எண்ணினேம்மா."

"எனக்கும் ஆறாவது சுத்துல சந்தேகம் இருந்துச்சு! யாருமே சொல்லலே! நாளைக்கே அஞ்சாக்கிடறேன்!" அவள் வாலால் தரையைத் தட்டிச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

சங்கம் பத்து நாளில் ஒன்பது படங்களையும் முழுசாகப் பார்த்து முடித்தது. சிறந்த படம் விருது வௌவால் குழுவுக்குப் போனது. அவர்கள் படத்தின் முடிவு அவ்வளவு அருமையாக இருந்ததென்று சங்கத்துக்கு இப்போதுதான் தெரியும்! 'இலைமேல் ஓர் எறும்பு' பட்டியலில் மூன்றாவது. பாறை செதிலிக்கு நிலைத்தது. ஒப்பந்தமும் கடுகுக்கு நிலைத்தது. கற்றாழையில் ஒன்பது வாசகங்கள் புதிதாக எழுந்தன, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. செதிலியின் மடலில் இப்படி இருந்தது: "எறும்பு கரை சேர்ந்ததா? நாங்கள் சொல்லமாட்டோம். சுற்றுகள் இப்போது ஐந்து."

வெட்டுவாலனுக்கும் தண்டனை கிடைத்தது. படம் முடிந்ததும் "முடிந்தது!" என்று அறிவிக்கும் வேலை இனி அவனுடையது. அந்தக் குரல் கேட்கும்வரை விமர்சகர் எவரும் எழக்கூடாது. அதை அவன் சொந்தக் குரலில்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் குரல் நடுவில் உடையும். கூட்டம் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் மைனாக்கள் அவனைக் கண்டால் இன்னமும் புழுவைக் கெட்டியாகத்தான் பிடித்திருக்கின்றன!

பாதியில் எழுந்துபோனவரின் பாராட்டைவிட, முடிவுவரை உட்கார்ந்து பார்த்தவர் தம் சொந்தக் குரலில் சொல்லும் குறையே ஒரு படைப்புக்குக் கிடைக்கும் மெய்யான விருது.